கண்ணாடி இடுக்கில் ஒரு மூக்கு

காரின் கண்ணாடியை நாலு விரல் இறக்கினால் போதும், எங்கள் சிப்பிப்பாறை நாய் மூக்கை நீட்டிவிடும். கொடைக்கானல் ஏரியில் பனி விலகாத காலை. ஈர மூக்கு சுருங்கிச் சுருங்கி விரிய, பாசி, குதிரை லத்தி, சுடுகிற சோளக்கதிர் எல்லாம் தனித்தனியே உள்ளே போகும். நமக்கோ அது வெறும் குளிர்காற்று. பெருமாள்மலைக்குக் கீழே வளைவுகளில் நகங்கள் சீட்டைக் கறகறவென்று பற்றும். நாலைந்து திருப்பத்துக்குள் உடம்பைச் சாய்த்து நிற்கக் கற்றுக்கொண்டது. கூட வந்த நாட்டுக்குட்டிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது, ஒவ்வொரு வளைவுக்கும் என் மடியில் வந்து விழும். (நல்லவேளை, ஓட்டியது தம்பி.) மர நிழலில் இரண்டும் மௌனம், குரங்கைக் கண்டால் மட்டும் தொண்டைக்குள் ஓர் உறுமல்.

மறுநாள் தனுஷ்கோடி போகும் வழியில், பாம்பனுக்கு முன்பே, கடல் எங்கள் கண்ணில் படாதபோதே, அந்த மூக்கு நிமிர்ந்துவிட்டது. தனுஷ்கோடி மணல் இன்னும் பின்சீட்டு இடுக்கில் கிடக்கிறது.