பையும் கன்னமும்

ஊதுகிறவர் எந்த இடத்தில் மூச்சு வாங்கினார் என்று காதுக்குத் தெரியக் கூடாது. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் பறைமேளம் முழங்கும்போது பறைகளுக்கு மேலே சொர்ணாளி என்ற குழல் ஏறி நிற்கும். நான் கேட்கப்போவது அந்த அறுபடாத இழையைத்தான். மட்டக்களப்புப் பறையைப் பற்றி எழுதியவர்கள், கூட வரும் இந்தக் குழலைப் பெரும்பாலும் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

நாகசுரம், ஷெனாய், சிங்களக் கோயில்களின் ஹொரணாவ எல்லாம் இதற்கு உறவுமுறைதான். வாயில் கவ்வும் சீவாளிக்குக் காற்று குறைந்தால் அந்தக் கணமே சத்தம் செத்துவிடும். அதனால் ஊதுகிறவர் கன்னத்தில் காற்றைச் சேர்த்து, அதைத் தசையால் வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் உள்ளே இழுக்கிறார். பழகிப் பார்க்க விரும்புகிறவர்கள் தண்ணீர்க் குவளைக்குள் பப்பாசிக் காம்பை விட்டு ஊதலாம். குமிழி நிற்கக் கூடாது, அவ்வளவுதான். பத்து வயதுப் பிள்ளை இதை விளையாட்டாகப் பிடித்துக்கொள்ளும். நாற்பது வயதுக்காரருக்குப் புத்தி சொல்வதைத் தொண்டை கேட்காது.

அந்தக் கன்னத்தை வெளியே எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டால் அதுதான் பேக்பைப். வாயால் பையை நிரப்புகிறார்கள். ஊதுகுழாயில் உள்ள அடைப்பு காற்றைத் திரும்பி வர விடாது. மூச்சு வாங்கும் நேரத்தில் கை பையை அழுத்துகிறது. ஸ்கொத்லாந்து மலைநாட்டுக் கருவியில் பாட்டு வாசிக்கும் குழல் ஒன்று, ஒரே சுருதியில் நின்று முழங்கும் குழல்கள் மூன்று. நம்முடைய நாயனக்காரருக்கு ஒத்து ஊதப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். அங்கே ஒருவரே மூன்று ஒத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடக்கிறார்.

பை வெள்ளைக்காரரின் சொத்து என்று நினைக்க வேண்டாம். தென்னிந்திய வாத்தியங்களைப் பற்றி 1891இல் நூல் வெளியிட்ட கப்டன் டே, சுருதிக்கென்றே ஊதப்பட்ட தோற்பைக் கருவியையும் அதில் சேர்த்திருக்கிறார். சதிராடிய சின்னமேளங்களில் துத்தி என்ற பெயரில் நின்றதும் இந்த வகைதான். பிறகு சுருதிப்பெட்டி வந்தது; ஆட்டுத்தோலை யாரும் தேடவில்லை.

வயது வந்தபின் தொடங்குகிறவருக்குப் பை ஒரு கருணை. ஆனால் முழுக் கருணை அல்ல. ஊதும் அழுத்தமும் கையின் அழுத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். கை சற்றே தளர்ந்தால் ஒத்து மூன்றும் தள்ளாடிச் சுருதி இறங்கும். இதற்கிடையில் விரல் தன் பாட்டை மறந்துவிடும். அதனால்தான் அங்குள்ள ஆசிரியர்கள் புதியவருக்கு உடனே பையைக் கொடுப்பதில்லை. விரலமைப்பு மாறாத, சத்தம் குறைந்த ஒரு பழகுகுழலைக் கையில் தந்து, பல மாதங்கள் அதிலேயே வைத்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்துக்கும் அதுவே நல்லது. பேக்பைப்பில் மெதுவாக வாசிப்பது என்று ஒன்று கிடையாது. மட்டக்களப்பின் கல்லடியில் மதிலோடு மதில் ஒட்டிய வீட்டில் இருந்து அதைப் பழக முடியாது. படுவான்கரை வயல்வெளிக்குத்தான் போக வேண்டும்.

உதடு சீவாளியைத் தொடுவதில்லை என்பதால் பைக்காரர் ஒரு விலை கொடுக்கிறார். சுரத்தைப் பெருக்கவோ தணிக்கவோ முடியாது, இடையில் நிறுத்தவும் முடியாது. ஒரே சுரத்தை இரண்டு தரம் சொல்ல வேண்டுமானால் நடுவில் வேறொரு சுரத்தை மின்னலாகத் தட்டிப் பிரிக்க வேண்டும். இருப்பது ஒன்பதே சுரம். அந்த ஒன்பதுக்குள் இப்படித் தட்டித் தட்டியே ஓர் அலங்கார உலகத்தைக் கட்டியிருக்கிறார்கள். நான் அதை மதிக்கிறேன். ஆனாலும் உதட்டுக்குள் சீவாளியைக் கவ்வி ஒரு சுரத்தை இழுத்து வளைக்கும் சொர்ணாளிக்காரரிடம்தான் என் மனம் போகிறது. அவருடைய குழலில் ஓர் ஆளின் உடம்பு கேட்கிறது.

ஸ்கொத்லாந்தின் ஸ்கை தீவில் மக்லவுட் குலத் தலைவர்களுக்குப் பரம்பரையாக ஊதியது மக்கிரிமன் குடும்பம். அவர்கள் பாட்டை எழுதிவைக்கவில்லை. ஒவ்வொரு சுரத்துக்கும் அலங்காரத்துக்கும் ஓர் அசை வைத்து, வாயால் பாடியே சொல்லிக்கொடுத்தார்கள். நம் கூத்து அண்ணாவியார் மத்தளத்தைத் தொடுமுன் தாளக்கட்டை வாயால் சொல்லுவது போலத்தான். இரண்டும் குடும்பத் தொழில்களே. ஆனால் ஒரு வேற்றுமையை மறைக்கக் கூடாது. அங்கே குழலூதியது குடும்பத்துக்குக் கௌரவம். இங்கே பறையும் சொர்ணாளியும் ஒரு சமூகத்தின் தலையில் சுமத்தப்பட்ட ஊழியம். சாவீட்டுக்கும் கோயில் வாசலுக்கும் அழைத்து, உள்ளே விடாமல் நிறுத்திய ஊழியம். அந்த இழிவை உதறுவதற்காகவே வாத்தியத்தைக் கீழே வைத்தவர்களைக் குறைசொல்ல ரசிகனுக்கு உரிமையில்லை.

இன்று பறை மேடையேறிவிட்டது, பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளும் வந்துவிட்டது. வேறு சமூகத்துப் பிள்ளைகளும் தோளில் மாட்டுகிறார்கள். பறையில் முதல் நாளே ஏதோ ஒரு சத்தம் வந்துவிடும். சீவாளியில் காற்றும் எச்சிலும்தான் வரும். அங்கேதான் ஆசை வடிகிறது.

வளர்ந்த ஆள் பழகுவது நம் ஊருக்குப் புதிதா என்ன? வயல் வேலை முடிந்தபின் கூத்துக்குச் சட்டம் கொடுத்து, இரவிரவாகக் கால் பழக்கி, சதங்கை அணியவைத்து, அடுக்குப் பார்த்து, வட்டக்களரியில் ஏற்றினார்களே, அவர்களில் பிள்ளைகுட்டிக்காரர் எத்தனை பேர்! அந்த வரிசையைச் சொர்ணாளிக்கும் வைத்தால் என்ன? முதலில் வாய்ச்சொல், பிறகு பப்பாசிக் காம்பு, பிறகு தனிச் சீவாளி, அதன்பின் குழல். சொல்லிக்கொடுக்கும் கலைஞருக்கு அண்ணாவியாருக்குரிய மரியாதையும் வெற்றிலைத் தட்டும் முதலில் போகட்டும். கன்னம் வசப்படாத முதிர்ந்தவர்களுக்கு ஆட்டுத்தோலில் ஒரு பை தைத்து மாட்டிக்கொடுங்கள் என்றும் சொல்லுவேன். பழமை பேசுகிறவர்கள் ஏசுவார்கள். ஏசட்டும், துத்தியும் பழமைதான்.