மருந்தை இறக்கிய வண்டி எங்கே போகிறது?

பள்ளி வேதியியலில் ஆக்சைடுகளுக்கு ஓர் இடம், பாலிமர்களுக்கு வேறோர் இடம். முன்னதில் அமில ஆக்சைடு, கார ஆக்சைடு, ஈரியல்பு ஆக்சைடு, நடுநிலை ஆக்சைடு என்று ஒரு பட்டியல். பின்னதில் பாலித்தீன், நைலான், பேக்லைட் என்று ஒரு பட்டியல். இவ்விரு வகைப் பொருள்களும் உடலுக்குள் மருந்தைச் சுமந்து செல்லும் வண்டிகளாகின்றன என்று அறிவியல் ஏடுகளில் அடிக்கடி கட்டுரைகள் வருகின்றன. மாணவர்கள் அவற்றை ஆவலோடு படிக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் அக்கட்டுரைகளில் பல, மருந்து போய்ச் சேர்ந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன. சுமையை இறக்கிய பின் வண்டி என்ன ஆயிற்று? அதைக் கேட்காத கட்டுரை பாதிக் கட்டுரையே. இத்தனைக்கும், விடை காணப் பள்ளிப் பாடமே பெரும்பாலும் போதும்.

சிலிக்காவை எடுத்துக்கொள்வோம். 1992-இல் மொபில் எண்ணெய் நிறுவனத்தின் வேதியியலார் எம்.சி.எம்.-41 என்ற சிலிக்காவை அறிவித்தனர். தேன்கூடு போல ஒழுங்காக அமைந்த நுண்துளைகள் கொண்டது அது. ஒரு கிராம் பொடியின் உட்பரப்பு ஏறத்தாழ 1000 சதுர மீட்டர் இருக்கும். 2001-இல் மாட்ரிட் நகரில் மரியா வாயெட்-ரெஜி குழுவினர் அத்துளைகளில் இபுபுரோஃபென் என்னும் வலி மருந்தை ஏற்றி, அது மெல்ல வெளிவருவதைக் காட்டினர். மருந்து மூலக்கூறிலுள்ள கார்பாக்சில் தொகுதியும் துளைச் சுவரிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதியும் ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொள்கின்றன. இதுவரை எல்லாரும் எழுதுகிறார்கள்.

சிலிக்கா நீரில் கரையாது என்று பாடம் கூறுகிறது. ஆற்று மணலுக்கு அது பொருந்தும். ஆனால் படிக ஒழுங்கற்ற சிலிக்கா ஒரு லிட்டர் நீரில் 100 மில்லிகிராமுக்கு மேலேயே கரைந்து சிலிசிக் அமிலமாகும். அதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். அமில ஆக்சைடாதலால், காரத்தன்மை கூடக் கூட அது விரைந்து கரைகிறது. ‘கரையாது’ என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்ட மாணவனுக்கு இந்த வண்டி உடலில் என்றென்றும் தங்கிவிடும் என்றே தோன்றும். எவ்வளவு கரையும், எவ்வளவு நேரத்தில் கரையும் என்று கேட்க அவனுக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

துத்தநாக ஆக்சைடு ஈரியல்புள்ளது. அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும் என்பது மனப்பாடம். நம் இரத்தத்தின் பி.எச். 7.4, அதாவது சற்றே காரத்தன்மை. அப்படியானால் இரத்தத்திலேயே கரைந்துவிடாதா? கூர்மையான மாணவன் இப்படிக் கேட்பான். பட்டியல் அவனுக்கு உதவாது. இந்த ஆக்சைடைக் கரைக்க வல்ல காரம் வலிவான காரம், 7.4 அதற்குப் போதாது. செல்லுக்குள் பொருள்களைச் செரிக்கும் லைசோசோம் என்ற பையில் பி.எச். ஏறத்தாழ 5. அங்கே அது கரைகிறது. இதனால்தான் ஆய்வுக்கூடங்களில் இதைச் சிலிக்காவின் துளைவாய்களுக்கு மூடியாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள்: செல்லுக்கு வெளியே மூடி நிற்கும், உள்ளே கரைந்து திறக்கும். கரைந்த துத்தநாக அயனி மிகுந்தால் நல்ல செல்லுக்கும் நஞ்சு என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும்.

இரும்பு ஆக்சைடின் கதை வேறு. 2009-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஃபெருமாக்சிடால் என்னும் இரத்தசோகை மருந்து, சர்க்கரை வகைப் பொருளால் போர்த்திய இரும்பு ஆக்சைடு துகளேயாகும். கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள செல்கள் அதை விழுங்கிச் சிதைக்க, இரும்பு ஹீமோகுளோபினுக்குப் போய்ச் சேருகிறது. அங்கே வண்டியே சரக்கு!

பாலிமருக்கு வருவோம். பாலித்தீனை வைத்தே பாடம் நடத்துவதால், பாலிமர் என்றாலே மக்காதது என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. பாலித்தீனின் முதுகெலும்பு முழுதும் கார்பன்-கார்பன் பிணைப்பு. நீர் அதை அசைக்காது. லாக்டிக் அமிலமும் கிளைகாலிக் அமிலமும் சேர்ந்த பாலிமரிலோ எஸ்டர் பிணைப்பு. எஸ்டரை நீர் பிளக்கும் என்று மேல்நிலை வகுப்பில் எழுதும் சமன்பாடேதான் இங்கும். பிளந்தபின் மிஞ்சும் அமிலங்களை உடல் கரியமில வாயுவாகவும் நீராகவும் ஆக்கிவிடுகிறது. 1989-இல் புராஸ்டேட் புற்றுநோய்க்காக அமெரிக்காவில் வந்த மாதம் ஒருமுறை ஊசியில் லியூப்ரோலைடு மருந்து இத்தகைய பாலிமர் உருண்டைகளுக்குள் அடைக்கப்பட்டிருந்தது. குறை இல்லாமலில்லை. பிளவினால் உண்டான அமிலம் உருண்டைக்குள்ளேயே தேங்கி, மேலும் பிளவைத் தூண்டும். புரத மருந்தானால் கெட்டுப்போகவும் கூடும்.

இன்னொரு குறை, கட்டுரையாளர்களின் மிகை. ‘மருந்து நேரே புற்றுக்கட்டியைச் சென்று தாக்குகிறது’ என்று எழுதுகிறார்கள். 2016-இல் டொரண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முந்தைய பத்தாண்டுகளின் விலங்குச் சோதனைகளைத் திரட்டிக் கணக்கிட்டனர். உடலில் செலுத்திய நுண்துகள்களில் கட்டியை அடைந்தது, நடுமதிப்பாக, 0.7 விழுக்காடே. கணக்கிட்ட முறையைச் சிலர் மறுத்திருக்கிறார்கள்; அந்த வாதத்தையும் சேர்த்தே வாசகருக்குத் தரலாமே. எஞ்சிய துகள்களில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. வண்டி எங்கே போகிறது என்ற கேள்வி இங்கேதான் சுடுகிறது.

இதற்கிடையே, பல ஆண்டுகளாக ஆரவாரமின்றி வேலை செய்யும் ஒரு பாலிமர் மருந்துக்கடையிலேயே இருக்கிறது. அதைப் பற்றி எழுதுவார் குறைவு. இரைப்பை அமிலத்தில் கரையாமல் குடலில் கரையும் மாத்திரையின் மேலுறை அது. அதிலுள்ள கார்பாக்சில் தொகுதிகள் அமிலத்தில் அயனியாவதில்லை, எனவே உறை கரையாது. குடலில் அமிலத்தன்மை குறைந்ததும் அயனியாகிக் கரைகின்றன. மருத்துவர் ‘உடைக்காமல், மெல்லாமல் விழுங்குங்கள்’ என்று சொல்வது இதனாலும்தான். ஆசிரியர் இத்தகைய இரு மாத்திரைகளை வாங்கி, ஒன்றை வினிகரிலும் மற்றதைச் சமையல் சோடாக் கரைசலிலும் போட்டு, வெதுவெதுப்பாக வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து வகுப்பில் காட்டலாம்.