தந்தையை அறிவது எப்படி?
மணிமேகலையின் அளவைகளும் மலையக மக்களும்

அறிவு எவ்வாறு பிறக்கிறது, எதை மெய்யறிவென்று கொள்வது என்னும் ஆராய்ச்சியை நம் முன்னோர் அளவையியல் என்றனர். இது வயிறு நிறைந்தோரின் பொழுதுபோக்கு என்று கருதுவோர் நம்மிடையே உண்டு. ஆனால் வலப்பனைப் பகுதியில், இராகலையிலும் ஹைபொரஸ்டிலும் கொழுந்து பறித்த மக்களுக்கு அது வாழ்வா தாழ்வா என்ற பிரச்சினையாக வந்து நின்றது. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களிடம் ஓர் அளவையியற் கேள்வியையே கேட்டது: உன் தந்தை இந்நாட்டில் பிறந்தவர் என்பதை எவ்வாறு நிறுவுவாய்? அவர் பிறந்திலரேல், பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தனர் என்பதை எவ்வாறு நிறுவுவாய்?

இதற்கு மிக நெருங்கிய கேள்வியொன்று மணிமேகலைக் காப்பியத்தில் எழுகிறது. வஞ்சி மாநகரில் மாதவர் வடிவம் பூண்ட மணிமேகலை பல சமயவாதிகளின் கொள்கைகளையும் கேட்கிறாள். கண்ணால் காண்பதொன்றே அறிவு என்கிறான் பூதவாதி. அப்படியாயின் உன் தாய் தந்தையரை அனுமானத்தாலன்றி எவ்விதம் அறிந்தாய் என்று அவள் மடக்குகிறாள். காட்சியை மட்டும் நம்புவோரின் வலிமை குன்றும் இடத்தை அவள் சரியாகவே தொட்டுவிட்டாள்.

ஆயினும் அந்த விடையை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. நான் இருக்கிறேன், ஆகவே எனக்கொரு தந்தை இருந்தார் என்பதே அனுமானம் தரும் முடிவு. அவர் யார், எங்கே பிறந்தார் என்பதைத் தாயும் சுற்றமும் சொல்லியே அறிகிறோம். பிறர் வாய்மொழியின்றி எந்த மனிதனும் தன் பிறப்பை அறிந்தவனல்லன்.

அப்படியானால் யாருடைய மொழி செல்லும்? காதை இக்கேள்வியை எழுப்பவில்லை. ஆனால் தன்னையறியாமலே விடையைக் காட்டிவிடுகிறது. அளவைவாதி கூறும் பத்து அளவைகளுள் ஆகமமும் ஐதிகமும் உள. இரண்டும் பிறர் சொல்லால் பெறும் அறிவே. ஆகமத்துக்கு எடுத்துக்காட்டு, அறிவன் நூல் கூறும் போகபூமி. ஐதிகத்துக்கு எடுத்துக்காட்டு, மரத்தில் பேய் உண்டென்று ஊரார் வழங்கும் பேச்சு. நூலுடையோரின் சொல்லுக்குச் சுவர்க்கம்; நூலில்லாதோரின் சொல்லுக்குப் பேய்! அன்றைய சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வு அளவை இலக்கணத்துள்ளும் புகுந்திருப்பதை நம் உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டியிருக்கலாம். அறவண அடிகள் அளவைகளைக் காட்சி, கருத்து என இரண்டாகச் சுருக்கியபோது, ஊரார் சொல் தனித்து நிற்கும் இடத்தையும் இழந்தது.

1948-இன் சட்டத்துக்கு எழுத்துச் சான்றே ஆகமமாயிற்று. ஆனால் தோட்டத்தில் எழுதுகோல் யாரிடம் இருந்தது? துரையின் ஆபீசிலும் கங்காணியின் கணக்கிலும் இருந்தது. பிரட்டுக்களத்தில் தொழிலாளியின் பெயர் பதியப்பட்டது சம்பளக் கணக்கிற்காகவேயன்றி, அவன் பேரன் ஒருநாள் நாட்டுரிமை கோருவான் என்பதற்காக அன்று. மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்துவந்த தலைமுறையின் வரலாறு லயத்துக் கிழவிகளின் நாவில்தான் இருந்தது. எழுதும் வாய்ப்பை மறுத்துவிட்டு, எழுதியதைக் கொண்டுவா என்று கேட்பது எந்த நியாயம்?

சான்றின்றி எவரும் உரிமை கோரிவிடலாமே என்று மறுப்போர் உண்டு. அரசுக்குச் சான்று வேண்டும் என்பது உண்மை. ஆனால் புகையைக் கண்டு நெருப்பை அறிவது அளவையாயின், நூறாண்டுத் தேயிலை மலைகளைக் கண்டு அவற்றை உண்டாக்கியவர் இங்கு வாழ்ந்ததை அறிவதும் அளவையே. அளவைவாதி கூறும் எட்டுப் போலி அறிவுகளுள் ‘கண்டுணராமை’ ஒன்று. ‘தேராது தெளிதல்’ மற்றொன்று. ஆராயாமல் தறியை மனிதனென்று கொள்வதைப் பின்னதற்குக் காதை உதாரணமாகத் தருகிறது. சட்டமோ மனிதனைத் தறியென்று கொண்டது.

1947-இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை பின்னர் தோட்டப்புறப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அது வெறும் ரசனைப் பணியன்று. பேயுரை என்று ஒதுக்கப்பட்ட ஐதிகத்தைச் சான்றாக உயர்த்திய பணி.

1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போடப்பட்டன. உரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேரே. 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்கள் 9,75,000 பேரை எண்ணிக்கையாகப் பங்கிட ஒப்பந்தம் செய்தனர். 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டமே தந்தை பிறந்த இடத்தைக் கேட்பதை விட்டு, 1964 அக்டோபர் 30 முதல் இங்கு வாழ்பவரா, அவர் வழிவந்தவரா என்று கேட்டது. கேள்வி மாற ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

ஆசிரியர்கள் இக்காதையைக் கற்பிக்கும்போது பத்து அளவைகளின் பெயர்களை மனப்பாடம் செய்விப்பதோடு நின்றுவிடலாகாது. ஒவ்வோர் அளவையையும் யார் கையில் வைத்திருக்கிறார்கள், அதனால் யார் அளக்கப்படுகிறார்கள் என்று மாணவரைக் கேட்கச் செய்ய வேண்டும். லயத்து முதியோரின் நினைவுகளை அவர்களே எழுதிவைக்கவும் வேண்டும். இனியொரு சட்டம் சான்று கேட்குமானால், எழுத்து நம் கையிலும் இருக்கட்டும்.