ஆண்டின் சிறந்த படம் எது?

தமிழ்த் திரைப்பட வணிகத்தில் ‘செங்கல்பட்டு ஏரியா’ என்பது, திரையிடல் உரிமையைத் தனித்தனியே விற்பதற்காக வகுக்கப்பட்ட விநியோகப் பகுதிகளுள் ஒன்று; பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் எனப் பிரிந்து, 2019இல் செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமான பிறகும், வசூல் கணக்குகளில் அப்பெயர் மாறவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கானத்தூரின் மாயாஜால் போன்ற பல்திரை வளாகங்கள் முதல் ஒற்றைத் திரையரங்குகள் வரை அக்கணக்கில் அடங்கும். ஆயினும் வசூல் முடித்துவைத்த வழக்கை, ஆண்டின் சிறந்த படம் எது என்று வாதிட்டு ரசிகர்கள் டிசம்பரில் மீண்டும் திறப்பது போற்றத்தக்க வழக்கம், ஏனெனில் சில நாள்களிலேயே திரையை விட்டுப்போன படமும் அந்த வாதத்தில் வெற்றிப் படத்துக்கு இணையாக எடைபோடப்படுகிறது.

2018 இதற்குச் செழிப்பான சான்று: லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’, மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’, பிரேம்குமாரின் ‘96’, வெற்றிமாறனின் ‘வடசென்னை’ ஆகிய நான்கும் ஆகஸ்டு இறுதி தொடங்கி எட்டு வாரங்களுக்குள் வெளிவந்தன. இவற்றுள் ஒன்றை முன்வைப்பவர், நிலமற்ற தொழிலாளியின் மலைநடையைப் பொறுமையாகத் தொடரும் ஒளிப்பதிவா, கைகூடாத காதலை ஓர் இரவுக்குள் விரிக்கும் திரைக்கதையா, எது தம்மைக் கவர்ந்தது என விளக்கியாக வேண்டும். சாதி வன்முறையின் முழுக் கொடுமையையும் காட்டிய பின், பழிவாங்கலை மறுத்து இரு தேநீர்க் குவளைகளில் முடியும் ‘பரியேறும் பெருமாள்’ முதலிடத்துக்கு மிகவும் தகுதியுடையது.

மதிப்பெண்ணிட்டு விமர்சிக்கும் மரபை வளர்த்த ஆனந்த விகடன், 1977இல் பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ படத்துக்கு அளித்த 62.5 மதிப்பெண் இன்றும் இத்தகைய வாதங்களில் அளவுகோலாக எடுத்துக்காட்டப்படுகிறது.