குமாஸ்தாவும் விமர்சகனும்

ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு என்ன உத்தியோகம் பார்க்கலாம் என்ற கேள்வியை நம் வட்டாரத்தில் யாரும் விவாதிப்பதில்லை. அது தகப்பனார்கள் கேட்கிற கேள்வி என்று ஒதுக்கிவிடுகிறோம். இலக்கியத்தைச் சோற்றுக்காகவா படிப்பது என்ற பாவனை வேறு. ஆனால் இந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்டால், தமிழில் விமர்சனம் ஏன் இவ்வளவு மெலிந்து கிடக்கிறது என்பதற்கும் பாதி விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

ஆங்கிலப் படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதில்லை. மெக்காலேயின் 1835ஆம் வருஷத்துக் குறிப்பை எல்லோரும் சொல்வார்கள். அதைவிடக் காரியத்தில் வலுவாக இருந்தது 1844ல் ஹார்டிஞ்ச் போட்ட உத்தரவு. ஆங்கிலக் கல்வி பெற்றவர்களுக்கு அரசாங்க வேலையில் முன்னுரிமை என்றது அது. சென்னை சர்வகலாசாலை ஏற்பட்டது 1857ல். ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியத்துக்கென்று ஒரு தனித்துறை வகுப்புகள் தொடங்கியதோ 1894ல்தான், கேம்பிரிட்ஜில் 1917ல். ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் பரீட்சைக்காகப் படிப்பதில் கல்கத்தாக்காரனும் சென்னைக்காரனும் அந்த ஆங்கிலேயனை முந்திக்கொண்டவர்கள். ஆங்கிலேயனுக்குத் தன் இலக்கியம் தன் வீட்டில் கிடந்தது. நமக்கு அது உத்தியோகத்தின் வாசற்படியாக வந்தது. வாசற்படியை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை; தாண்டிப் போகிறார்கள்.

தாண்டிப் போகாமல் நின்றவர்களில் ஒருவர் அ. மாதவையா. கிறித்துவக் கல்லூரியில் படித்து உப்பு இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். ஆங்கிலத்தில் நாவல் எழுதினார். தமிழில் ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதினார். 1925ல் சென்னை சர்வகலாசாலை செனட் கூட்டத்தில், பி.ஏ. வகுப்பில் தமிழைக் கட்டாய பாடமாக்க வேண்டும் என்று பேசி முடித்த கையோடு அங்கேயே உயிர் விட்டார். ஆங்கிலம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. அதைக் கொண்டு தன் மொழிக்கு என்ன செய்வது என்ற கேள்வியை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை; அவராகவே எடுத்துக்கொண்டார். இந்த வித்தியாசம்தான் எனக்கு முக்கியம்.

இன்று ஆங்கிலம் படிப்பவன் முன்னால் என்ன இருக்கிறது? முதலில் ஆசிரிய வேலை. கல்லூரி ஆசிரியராவதற்கான தேசியத் தகுதித் தேர்வு 1989ல் வந்தது. விரிவாக விடை எழுத வேண்டிய மூன்றாம் தாள் ஒன்று அதில் இருந்தது. 2012 ஜூனில் அதையும் எடுத்துவிட்டு, நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறையாக்கிவிட்டார்கள். இப்போது மூன்று மணி நேரத்தில் 150 கேள்விகள், 300 மார்க்கு. ஒரு கவிதையைப் பற்றி ஒரு வாக்கியம்கூட எழுதாமல், இலக்கியம் கற்பிக்கத் தகுதியானவன் என்ற சான்றிதழை ஒருவன் பெற்றுவிடலாம். எந்த நூல் எந்த வருஷம், எந்தச் சொல் எந்தச் சிந்தனையாளனுடையது என்று தெரிந்தால் போதும். இப்படி உள்ளே போனவன், தன்னிடம் வருகிறவனுக்கு நோட்ஸைத் தவிர வேறு எதைத் தருவான்?

பிறகு கம்பெனி வேலைகள். 2000க்குப் பிறகு கால் சென்டர்கள் கொஞ்சம் பேரை எடுத்துக்கொண்டன. அதைவிட நம் விஷயத்துக்கு நெருக்கமானது இன்னொன்று. சென்னையிலும் புதுச்சேரியிலும், அயல்நாட்டுப் பதிப்பகங்களின் ஆய்விதழ்களைப் பிழை திருத்திப் பக்கம் அமைத்து அனுப்பும் கம்பெனிகள் பல இருக்கின்றன. எம்.ஏ. ஆங்கிலம் படித்தவர்களுக்கு இவை வாழ்வு கொடுத்திருக்கின்றன. அப்படி ஒன்றில் நானும் இரண்டு வருஷம் இருந்தேன். காற்புள்ளி எங்கே விழ வேண்டும், மேற்கோள் குறி ஒற்றையா இரட்டையா, ஒரே சொல்லுக்கு பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டா அமெரிக்க எழுத்துக்கூட்டா என்பதற்கெல்லாம் ஒவ்வொரு பதிப்பகத்துக்கும் ஒரு விதிப் புத்தகம். சந்தேகம் வந்தால் கட்டுரை எழுதியவருக்குக் கேள்வி அனுப்பலாம். ஆனால் கேள்வி எதைப் பற்றி இருக்கலாம் என்பதற்கும் விதி உண்டு.

ஒரு தடவை என்னிடம் வந்த கட்டுரை குறுந்தொகையை ஒரே கவிஞர் பாடிய நெடுங்காவியம் என்றது. நானூறு சொச்சம் தனிப்பாட்டுகள், இருநூறு புலவர்களுக்கு மேல். இதைக் கேள்வியாக எழுதினேன். மேற்பார்வையாளர் அதை நீக்கிவிட்டார். பொருள் நம் பொறுப்பில்லை, அந்த வாக்கியத்தில் ஆண்டுக்கும் பக்க எண்ணுக்கும் நடுவில் விடுபட்ட காற்புள்ளியைப் போடு என்றார். போட்டேன். கட்டுரை மிகச் சுத்தமாக அச்சாயிற்று.

அந்த மனிதரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் செய்தது அந்த வேலை. 1844லிருந்து இந்தப் படிப்பு தயாரித்துக் கொடுத்த ஆள் யார் என்பதுதான் விஷயம். கச்சேரிக் குமாஸ்தா துரையின் வாக்கியத்தைச் சுத்தமாகப் படியெடுத்தான். கல்லூரி ஆசிரியன் அயல் விமர்சகனின் முடிவைப் படியெடுத்தான். பிழை திருத்துகிறவன் அயல் ஆய்வாளனின் காற்புள்ளியைச் சரிசெய்கிறான். மூன்று பேருக்கும் ஆங்கிலம் தெரியும். மூன்று பேரிடமும் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. படித்த ஒன்றைப் பற்றி, இது நன்றாயிருக்கிறது, இது போலி என்று தன் பொறுப்பில் சொல்கிற காரியத்துக்கு இங்கே ஒருபோதும் சம்பளம் ஏற்பட்டதில்லை. ஆகவே அதற்குப் பயிற்சியும் ஏற்படவில்லை.

விலக்குகள் இருக்கிறார்கள். நகுலன் திருவனந்தபுரத்தில் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். சி. மணியும் ஆங்கில ஆசிரியர்தான். எலியட்டை எத்தனையோ வகுப்புகளில் எத்தனையோ பேர் பாடமாக நடத்தினார்கள். அந்தப் பரிச்சயத்தைக் கொண்டு சென்னை நகரத்தைப் பார்த்து ‘நரகம்’ எழுதியவர் சி. மணி. தமிழ் யாப்பைப் பற்றித் தனியாக நூல் எழுதும் அளவுக்கு அவருக்குச் சிரத்தையும் இருந்தது. க.நா.சு. உத்தியோகம் பார்க்காமல் எழுத்திலேயே காலம் தள்ளியவர். ஹாம்சனையும் லாகர்க்விஸ்ட்டையும் ஆங்கிலத்தின் வழியாக நமக்குக் கொண்டுவந்தார். ஆங்கிலம் அவருக்கு வாசற்படியாக இல்லை, ஜன்னலாக இருந்தது. ஏ.கே. ராமானுஜன் பல ஊர்க் கல்லூரிகளில் ஆங்கிலம் கற்பித்துவிட்டு அமெரிக்கா போனவர். 1962ல் சிகாகோ நூலகத்தின் அடித்தளத்தில் உ.வே. சாமிநாதையரின் குறுந்தொகைப் பதிப்பைக் கண்டெடுத்தார். 1967ல் அவருடைய மொழிபெயர்ப்பு வெளிவந்தது. ஓர் ஆங்கில எம்.ஏ.க்காரர் குறுந்தொகைக்கு என்ன செய்ய முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஆனால் இவர்கள் யாரும் படிப்பின் விளைவு என்று சொல்ல மாட்டேன். படிப்பு கேட்காததைச் செய்தவர்கள்.

இங்கே சிறுபத்திரிகைக்காரர்கள் திருப்தியாகத் தலையாட்ட வேண்டியதில்லை. பேராசிரியர்களைக் கேலி செய்வது நம் பக்கங்களில் ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. ஆனால் இருத்தலியத்திலிருந்து அமைப்பியல் வரை, பிறகு அதற்குப் பின்னால் வந்தவை வரை, நம் கட்டுரைகளில் பாதி அயல் வாக்கியங்களின் படியெடுப்புத்தான். பேராசிரியன் பரீட்சைக்காகச் செய்வதை நாம் மதிப்புக்காகச் செய்கிறோம். ஒரு தமிழ்க் கதையை எடுத்து, அதன் நான்காம் பக்கத்தில் எழுத்தாளன் எங்கே பொய் சொல்கிறான் என்று காட்ட, அயல் பெயர் ஒன்றும் வேண்டியதில்லை. அப்படிக் காட்டிய கட்டுரைகளை எண்ண ஒரு கை போதும்.

காற்புள்ளி போடுகிற வேலையில் பெரும்பகுதியை இப்போது யந்திரமே செய்யத் தொடங்கிவிட்டது. சுமாரான மொழிபெயர்ப்பும் அதனிடம் கிடைக்கிறது. படியெடுக்கிறவனுக்கு இனிச் சந்தை சுருங்கும். இதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. மாச முடிவில் வாடகை கொடுக்க வேண்டியவர்களை எனக்குத் தெரியும். ஆனால் குமாஸ்தாவை உருவாக்கவே ஏற்பட்ட ஒரு படிப்பு, குமாஸ்தாவுக்கு வேலையில்லாமல் போகிறபோது, தான் எதற்காக இருக்கிறோம் என்று ஒரு தடவையாவது யோசிக்க வேண்டும்.

என் யோசனை சின்னது. எம்.ஏ. கடைசி வருஷத்தில் ஒவ்வொரு மாணவனும் பத்துப் பக்கம் தமிழாக்கட்டும். கவிதையோ கதையோ, அவன் இஷ்டம். ஒவ்வொரு சொல்லையும் ஏன் போட்டேன் என்று ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்லட்டும். அப்போது அவன் இரண்டு மொழிகளையும் படித்தாக வேண்டும். எது நல்ல வாக்கியம் என்று அவனே தீர்மானித்தாக வேண்டும். அந்தத் தீர்மானத்துக்கு நோட்ஸ் கிடையாது. அவர்களில் பெரும்பாலோர் அதற்குப் பிறகும் பாங்கிக்கோ பள்ளிக்கூடத்துக்கோதான் போவார்கள். போகட்டும். எலியட் ‘பாழ்நிலம்’ எழுதியபோது லாயிட்ஸ் பாங்கியில்தான் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே சம்பளம் வாங்குகிறான் என்பது பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை. குறுந்தொகையை நெடுங்காவியம் என்று யாராவது எழுதினால், காற்புள்ளியைப் போடுவதற்கு முன்னால் அவன் பேனா நிற்க வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.