பெயர் மறைத்த கோப்பையில் நோபிள்

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் இயல்பாக வளரும் மஸ்கடைன், ஐரோப்பிய ஒயின் திராட்சையிலிருந்து வேறான இனம். அதற்கு 38 குரோமோசோம்கள் என்றால் இதற்கு 40. சிவப்பு ஒயினுக்குப் பெரிதும் பயன்படும் மஸ்கடைன் வகை நோபிள். தாமஸ், டார்ஹீல் என்ற இரு வகைகளைக் கலந்து வட கரோலினாவில் உருவாக்கப்பட்டது.

பெயர் மறைத்துச் சுவைக்கும்போது முதல் தடயம் நிறம். இளம் நோபிள் அடர்ந்த ஊதா கலந்த சிவப்பு. மஸ்கடைனின் நிறமிகள் ஒவ்வொன்றிலும் இரண்டு சர்க்கரை மூலக்கூறுகள் பிணைந்திருப்பதால் டானினோடு எளிதில் சேர்வதில்லை. ஆகவே நாள்பட நிறம் செங்கல் பழுப்பாக மங்கும். ஆனாலும் மற்றச் சிவப்பு மஸ்கடைன்கள் பலவற்றை விட நோபிளின் நிறம் நிலைத்து நிற்கும்.

அடுத்தது மணம். பியூரனியோல் என்ற மணப்பொருள் பழுத்த ஸ்ட்ராபெரியையும் காய்ச்சிய சர்க்கரையையும் நினைவூட்டும். அமினோஅசிட்டோபீனோன் என்ற மற்றொன்று விலங்கு வாடை கலந்த காட்டுத்தன்மையைத் தரும். இரண்டும் சேர்ந்து எழுந்தால் கேபர்னே, மெர்லோ போன்ற ஐரோப்பிய வகைகளை ஒதுக்கிவிடலாம். கான்கார்ட் என்ற அமெரிக்கத் திராட்சையின் ஒயினோடுதான் குழப்பம் வரும். ஆனால் அதன் மணத்தில் மெத்தில் ஆந்த்ரனிலேட் என்ற மணப்பொருள் ஓங்கியிருக்கும். திராட்சை மிட்டாயின் வாசம் அது.

நாவில் தெரியும் இனிப்பு மட்டும் சான்றாகாது. பழத்தில் சர்க்கரை குறைவு என்பதால் நொதிக்குமுன் சேர்ப்பார்கள். பிறகு இனிப்பூட்டுவதும் வழக்கம். மஸ்கடைன் என்று இனத்தைச் சொல்வது எளிது. நோபிள் என்று வகையைச் சொல்ல, அந்த மணத்தோடு அடர்நிறமும் சேர்ந்திருக்க வேண்டும்.