எட்டணாவும் ஒரு குடம் நீரும்

சமையல் மறந்த அடுப்பில் காளான் முளைத்த செய்தியைப் புறநானூற்றிலேயே காண்கிறோம். வறுமையைப் பாடுவது தமிழுக்குப் புதிதன்று. ஆயினும், நகரத்து நடுத்தரக் குடும்பத்தின் பணமுடை வேறு வகையானது. அவ்வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கும்; அது அணையாதிருக்க யாரேனும் ஒருவர் ஓயாமல் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். சென்னை மாநகரின் அன்றாட வாழ்வைச் சொன்ன நம் எழுத்தாளர்கள் இந்தக் கணக்கைக் கேட்டு எழுதியபோதெல்லாம் வென்றார்கள். அதை விட்டு விலகிக் குரலை உயர்த்தியபோது அத்துணை வெல்லவில்லை. இதுவே நாம் இங்குச் சொல்ல விழைவது.

புதுமைப்பித்தன் 1943-ல் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' என்னும் கதையை வேடிக்கைக் கதையாகவே நம்மிற் பலர் படித்திருக்கிறோம். அதன் தொடக்கத்தைச் சற்று உற்றுநோக்குவோம். பிராட்வே முனையில் நிற்கும் கந்தசாமிப் பிள்ளை ஆழ்ந்து சிந்திப்பது வேதாந்தம் பற்றியன்று. டிராமில் போனால் மிஞ்சும் காசுக்கு வெற்றிலை போடலாம். பஸ்ஸில் ஏறிக் கண்டக்டரின் கண்ணுக்குத் தப்பிச் சற்றுத் தூரம் போய்விட்டால் அரைக் கோப்பைக் காப்பி குடிக்கலாம். இரண்டும் சேர்ந்து கிடைக்க வழியில்லை. இந்தச் சிக்கலின் நடுவேதான் கடவுள் வந்து வழி கேட்கிறார். வந்தவரைப் பிள்ளை தம் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தாதாரராக்கிவிடுகிறார். கடவுளே ஆனாலும் இந்நகரில் பிழைக்க ஒரு தொழில் வேண்டும் என்று கதை நகர்கிறது. காலணாவின் அருமை அறிந்த ஒருவரால்தான் கடவுளிடத்தில் இவ்வளவு சகஜமாகப் பேச முடியும் என்பது நமக்கு அப்போது புலனாகிறது. 16 அணா ஒரு ரூபாயாக இருந்த வழக்கம் 1957-ல் மாறியது. டிராம் வண்டிகள் 1953-லேயே நின்றுவிட்டன. எனினும் பிள்ளையின் சிக்கல் மாதக் கடைசியில் இன்றும் நமக்குப் பழக்கமானதே.

இதனினும் நுட்பமானது 'ஒரு நாள் கழிந்தது'. மணிக்கொடியில் 1937-ல் வெளிவந்த இக்கதையில் பெருநிகழ்ச்சி ஏதும் இல்லை. எழுத்தாளர் முருகதாசர், மனைவி கமலம், குழந்தை அலமு, ஒண்டுக் குடித்தனம், வந்து போகும் நண்பர்கள். சம்பளம் வரவில்லை, கடைக்காரனுக்குத் தவணை சொல்லியாயிற்று. முருகதாசர் நண்பரிடம் கூச்சத்தை மறைத்துக்கொண்டு மூன்று ரூபாய் கேட்கிறார். கைக்கு வருவது எட்டணா. அந்த எட்டணா கடனை அடைக்காது. காப்பிப் பொடிக்கு உதவும். திங்கட்கிழமைக் கவலையைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்வது என்ற அளவில் கதை முடிகிறது.

இங்கு ஆசிரியர் ஓரிடத்திலும் இரக்கம் கோரவில்லை. வீட்டுக்கு வந்தவருக்குக் காப்பி கொடுத்தாக வேண்டும் என்ற கௌரவமும், அந்தக் காப்பிக்கே வந்தவரிடம் கடன் கேட்க வேண்டிய நிலையும் ஒன்றையொன்று உரசுகின்றன. அவ்வுரசலில் எழும் ஒலியே கதை. கமலத்தின் பங்கையும் நாம் மறந்துவிடலாகாது. முருகதாசர் இலக்கியம் பேசுகிறார். கமலமோ எது தள்ளிப்போடத் தக்கது, எது இன்றே ஆகவேண்டியது என்று பிரித்தறிகிறாள். நம் வீடுகளில் வரவுசெலவுத் திட்டம் சமையலறையில்தான் தீட்டப்பட்டது என்பதை இக்கதைபோல் எளிமையாகச் சொன்னது வேறொன்றை நாம் அறியோம்.

இதே ஆசிரியரின் 'பொன்னகரம்' 1934-ல் வந்தது. புகழில் முன்னதை விஞ்சி நிற்பது. அடிபட்டுக் கிடக்கும் கணவனுக்குப் பால் கஞ்சி கொடுக்க அம்மாளு இருட்டுச் சந்தில் முக்கால் ரூபாய் ஈட்டுகிறாள். அந்த முக்கால் ரூபாய் என்ற தொகை ஒன்றே படிப்பவர் நெஞ்சைப் பிளக்கப் போதுமானது. ஆனால் ஆசிரியர் அதனோடு நிறைவடையாமல், இறுதியில் தாமே முன்வந்து நம்மைக் கடிந்துகொள்கிறார். அக்கடிந்துரை அன்று தேவைப்பட்டிருக்கலாம். இன்று படிக்கையில், கணக்கு முடிந்த பின்னும் கூட்டிக் காட்டுவதுபோல் தோன்றுகிறது. 'ஒரு நாள் கழிந்தது' நம்மை நம்புகிறது. 'பொன்னகரம்' நம்மை ஐயுறுகிறது. கலை என்ற அளவில் முன்னதே மேல் என்பது நம் முடிபு. இதனை மறுக்கும் அன்பர்கள் இருப்பார்கள். அவர்கள் இரண்டையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துப் படித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

புதுமைப்பித்தனுக்குப் பின் இந்தக் கணக்கைத் தொடர்ந்தவர் அசோகமித்திரன். அவருடைய 'தண்ணீர்' 1971-ல் கணையாழியில் தொடராக வந்து 1973-ல் நூலாயிற்று. கணையாழி 1965-ல் தில்லியில் கி. கஸ்தூரிரங்கன் தொடங்கிய இதழ் என்பது, வெளிமாநிலத் தமிழராகிய நமக்குத் தனி மகிழ்ச்சி தரும் செய்தி. இந்நாவலில் நாணயத்தின் இடத்தைக் குடம் பிடித்துக்கொள்கிறது. காசு கையில் இருந்தாலும் குழாயில் நீர் இல்லை. ஜமுனா, சாயா என்னும் சகோதரிகளும் அத்தெருவின் பெண்களும் எந்த வீட்டுப் பம்பில் நீர் வரும், எத்தனை மணிக்குப் போனால் கிடைக்கும் என்ற கணக்கிலேயே நாளைக் கழிக்கிறார்கள். முருகதாசர் கடனைத் தள்ளிப்போட்டார். தாகத்தை அவ்வாறு தள்ளிப்போட இயலாது. வாழ்வில் ஏமாற்றப்பட்டு மனமொடிந்த ஜமுனாவை மீண்டும் எழுப்புவது அறிவுரை மட்டுமன்று. அடுத்த குடத்துக்கு வரிசையில் நிற்க வேண்டிய கடமையும்தான். துயரம் எத்துணைப் பெரிதாயினும் குடம் காத்திருக்காது என்ற உண்மையை ஆசிரியர் தணிந்த குரலில் வைத்துச் செல்கிறார். 2019-ல் செம்பரம்பாக்கம், புழல் முதலிய ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் சென்னைக்கு வந்தபோது, இந்நாவல் பழைமையடையவில்லை என்பதை நாடே கண்டது.

இவ்விருவரைப் பற்றி மற்றொன்றும் கருதத் தக்கது. புதுமைப்பித்தன் நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புக்காகச் சென்னை வந்து, பத்திரிகை அலுவலகங்களில் உழன்று, 1948-ல் 42-ஆம் வயதில் மறைந்தவர். அசோகமித்திரன் செகந்திராபாத்தில் பிறந்து, தந்தையை இழந்த பின் 1952-ல் சென்னைக்கு வந்தவர். சென்னையின் முடையை உள்ளபடி எழுதிய இருவருமே அந்நகருக்கு வந்து குடியேறியவர்கள். வாடகைக்கும் விறகுக்கும் விலை கேட்டுப் பழகியவர் கண்ணுக்கே ஒரு நகரம் தன் உள்ளறையைத் திறந்து காட்டும் போலும்.

நாம் தொலைவிலிருந்து சென்னையை நினைக்கையில் மயிலைத் தெப்பமும் மார்கழிக் கச்சேரியும் கடற்கரைக் காற்றுமே முன்வந்து நிற்கின்றன. அவை பொய்யல்ல. ஆனால் அவை மட்டுமே மெய்யாயின், நம் முன்னோர் டிரங்குப் பெட்டியோடு வடக்கே ரயிலேறியிருக்க வேண்டியதில்லை. அவர்கள் ஏன் வந்தார்கள் என்பதைக் குழந்தைகளிடம் சொல்ல நாம் தயங்குகிறோம். பட்ட கடனும் நீர்த்த காப்பியும் வெட்கத்துக்குரியவை என்று எண்ணி, ஊர்ப் பெருமையை மட்டும் கைமாற்றித் தருகிறோம். முருகதாசர் குடும்பத்தில் வெட்கப்பட ஏதுமில்லை. அங்குச் சிரிப்பும் இருக்கிறது, குழந்தையின் குறும்பும் இருக்கிறது. சங்க நூலகத்தில் இந்நூல்களை எடுத்துப் பிள்ளைகளுக்கு உரக்கப் படித்துக் காட்டுவோம். எட்டணா என்றால் என்ன என்று அவர்கள் கேட்பார்கள். அக்கேள்விக்கு விடை சொல்லத் தொடங்கினால், சொல்லாமல் விட்ட நம் குடும்பக் கதையும் தானே வெளிவரும்.